டான் டா டான் இரண்டாம் சீசன்: எங்கிருந்து தொடங்கலாம், 'ஈவில் ஐ' படத்தைப் பார்க்கணுமா?

'டான் டா டான்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் சீசன் பாதிக் காட்சியில் அறுந்து நிற்கிறது, இரண்டாவதை எங்கே பிடிப்பது? நடுவில் 'ஈவில் ஐ' என்று ஒரு படம் இருக்கிறதே, அது கட்டாயமா? முதல் சீசனின் கிறுக்குத்தனம் இதிலும் உண்டா? உங்கள் கேள்வியில் இந்த மூன்றும் இருக்கின்றன. கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. முதல் சீசனை முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் படம். அது தனிக் கதை இல்லை. முதல் சீசனின் சுருக்கத்தோடு இரண்டாம் சீசனின் முதல் மூன்று எபிசோடுகளைச் சேர்த்து, 2025 மே கடைசியில் ஆசியத் திரையரங்குகளுக்கும் ஜூன் முதல் வாரத்தில் அமெரிக்காவுக்கும் முன்னோட்டமாக விட்டார்கள். சீசன் கையில் இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் சீசனையும் முதலிலிருந்து பார்த்துவிட்டு, 'பார்த்ததையே போடுகிறார்கள்' என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். படம் பார்த்தாயிற்று என்றால் இரண்டாம் சீசனின் நாலாவது எபிசோடுக்குப் போங்கள். தொடர் எண்ணில் அது 16. சில இடங்களில் இரண்டாம் சீசனை ஒன்றிலிருந்தும், சில இடங்களில் 13-லிருந்தும் எண்ணுகிறார்கள். எபிசோடு எண்ணை வைத்து யாராவது பேசினால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் 13 முதல் 24 வரை என்றே சொல்கிறேன்.

முதல் சீசன் 2024 அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. இரண்டாவது 2025 ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை ஓடியது. இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி. கதையில் அந்த இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. வெந்நீர்க் குளியலறையில் கதாநாயகி மோமோ மாட்டிக்கொண்டு நிற்கும் அதே இடத்திலிருந்து 13 தொடங்குகிறது. அதனால் 11, 12 இரண்டையும் மறுபடி ஓட்டிவிட்டு உடனே 13-க்குள் போவது நல்லது. ஜிஜி யார், மோமோவுக்கும் அவனுக்கும் என்ன பழக்கம், நாயகன் ஒகாருன் ஏன் உள்ளுக்குள் புகைகிறான் என்பதெல்லாம் தெளிவாக நினைவில் இருந்தால்தான் பின்னால் வருவது உறைக்கும். குளியலறைக் காட்சி சிரிப்புக்கானது இல்லை, சங்கடமானது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

13 முதல் 15 வரை ஒரே மூச்சில் பாருங்கள். ஜிஜி குடும்பம் வாடகைக்கு எடுத்த வீட்டில், சுவருக்குப் பின்னால் மந்திரத் தாள்கள் ஒட்டிய ஒரு மறைவறை. அந்த ஊரையே பிடித்து வைத்திருக்கும் கிதோ குடும்பம், எரிமலை குமுறாமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாக நரபலி கொடுத்து வருகிறது. பலி வாங்கும் 'பாம்பு தெய்வம்' உண்மையில் மங்கோலிய மரணப் புழு, அதாவது கோபி பாலைவனத்தில் இருப்பதாகப் பேசப்படும் அந்தக் கட்டுக்கதைப் பிராணி. ஜப்பானிய நாட்டார் நம்பிக்கையின் குட்டைத் தடிப்பாம்பான சுச்சினோகோவையும் மங்கோலியப் புழுவையும் ஒன்றாக்கி, அதன் மேல் ஒரு கிராமத்துப் பயத்தை உட்கார வைத்திருக்கிறார், மூலமான மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) வரைந்த தட்சு யுகினோபு. பேயை மட்டும் நம்பும் மோமோ, வேற்றுக்கிரகவாசிகளை மட்டும் நம்பும் ஒகாருன் என்று ஆரம்பித்த கதைக்கு இது சரியான அடுத்த படி. இரண்டு பேருடைய கணக்கிலும் சேராத ஒன்று எதிரே வந்து நிற்கிறது.

அந்தப் புழு மனிதர்களைத் தற்கொலை எண்ணத்துக்குத் தள்ளுகிறது. அதைத் திரையில் மறைக்காமல் காட்டுகிறார்கள். அதையடுத்து, பலிக்காக அடைத்து வைக்கப்பட்டு, வெளியே விளையாடும் பிள்ளைகளை ஏக்கத்தோடு பார்த்தபடியே செத்துப்போன ஒரு சிறுவனின் கதை வருகிறது. ஈவில் ஐ என்பது அவன்தான். இந்த இரண்டும் மனதைக் கனக்க வைப்பவை. அப்படிப்பட்ட விஷயங்கள் பாதிக்கும் என்றால் 14, 15 இரண்டையும் தூங்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள்.

கிறுக்குத்தனம் குறைந்துவிட்டதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் 15-லேயே நிறுத்தியவர்கள். ஈவில் ஐ ஜிஜியின் உடம்புக்குள் புகுந்த பிறகு ஒரு விதி வருகிறது: குளிர்ந்த நீர் பட்டால் அவன் வெளியே வருவான், வெந்நீர் பட்டால் ஜிஜி திரும்புவான். இனி எந்தக் காட்சியிலும் தண்ணீர்க் குவளை ஒன்று தெரிந்தாலே அடுத்து என்ன ஆகும் என்று கண் அதன் மேல் போய்விடும். பேயை ஓட்டிவிடலாம் என்றால் ஜிஜி ஒத்துக்கொள்வதில்லை. விளையாட ஆள் இல்லாமல் செத்த பையனை மறுபடி விரட்டுவதா என்பது அவன் நியாயம். பேயின் துக்கத்தை நிஜமாகவே துக்கமாக எடுத்துக்கொண்டு, அதே பேயை அடுத்த நிமிஷம் சாப்பாட்டு மேசையில் கோமாளியாக்குவதில்தான் இந்தத் தொடரின் பலம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் சீசன் முழுவதையும் ரசிக்கலாம்.

18-ஐ நல்ல ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். பேயோட்ட வருவது பூசாரி இல்லை, ஹயாஷி என்ற ஹெவி மெட்டல் குழு. 'ஹன்டிங் சோல்' என்ற அந்தப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவர் மெகாடெத் குழுவில் இருந்த மார்ட்டி ஃப்ரீட்மன். தொடரின் இசை உஷியோ கென்சுகே. பாட்டு எண்பதுகளின் ஜப்பானிய ராக்கை அப்பட்டமாக நினைவூட்டியதால், எக்ஸ் ஜப்பான் ராக் குழுவின் யோஷிகி பொதுவெளியில் கேள்வி எழுப்பினார். முன்கூட்டி யோஷிகி தரப்பிடம் பேசாததற்குத் தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டது. அந்தச் சர்ச்சையைத் தள்ளி வைத்தாலும், சண்டையும் பாட்டும் ஒரே தாளத்தில் ஓடும் அந்த நிமிடங்களுக்கு இந்த சீசனில் ஈடு இல்லை.

அடுத்து வரும் பள்ளிக்கூடத்து எபிசோடுகளில் வேகம் இறங்கும். 'நடுவில் தொய்வு' என்ற புகார் இதைப் பற்றித்தான், ஓரளவு நியாயமும் உண்டு. ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். டர்போ பாட்டி என்ற பேயிடமிருந்து வந்த சக்தியை ஒகாருனால் முழு வீச்சில் இரண்டு தடவைதான் பயன்படுத்த முடியும். அதனால் வலிமையைக் கூட்டுவதை விட, தாளம் பிடித்து அசையக் கற்றுக்கொள்வதுதான் அவனுக்கு வழி. இரவில் இசை வகுப்பறையில் இசைமேதைகளின் உருவப்படங்கள் உயிர்பெறும் அந்தப் பயிற்சி, ஜப்பானியப் பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் 'ஏழு மர்மங்கள்' கதைகளிலிருந்து எடுத்தது. இதை விட்டுவிட்டால் பின்னால் அவன் சண்டை போடும் விதம் ஏன் மாறியது என்று புரியாது.

கடைசிப் பகுதி, இடிந்துபோன மோமோவின் வீட்டைத் திரும்பக் கட்டப்போய் ராட்சத ரோபோவில் வந்து நிற்கிறது. நினைத்த உருவத்தை எடுக்கும் வேற்றுக்கிரகப் பொருளும், ரோபோ பொம்மைப் பைத்தியமான கின்தாவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? பழைய ஜப்பானியக் கைஜு (ராட்சத மிருகப்) படங்களையும் ரோபோ தொடர்களையும் கொஞ்சம் பார்த்தவர்களுக்கு 23, 24 விருந்து. மற்றவர்களுக்குச் சத்தம் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம்.

இந்த முறை யமாஷிரோ ஃபூகாவோடு ஆபெல் கோங்கோராவும் இயக்குநர். முதல் சீசனில் கிரீப்பி நட்ஸ் பாட்டுக்கு வந்த தொடக்கக் காட்சியைச் செய்தவர் கோங்கோராதான். ஸ்டூடியோ அதே சயன்ஸ் சாரு. புதிய தொடக்கப் பாட்டு ஐனா தி எண்ட் பாடியது. முதல் தடவையாவது 'ஸ்கிப்' அழுத்தாமல் விடுங்கள்.

ஒலியில் ஜப்பானிய மொழியையே தேர்ந்தெடுங்கள். ஒகாருனுக்குக் குரல் கொடுப்பவர் டீமன் ஸ்லேயரின் தஞ்சிரோவான ஹனாயே நட்சுகி. சாதாரண ஒகாருனின் தடுமாற்றமும், உருமாறியபின் வரும் சோம்பல் கலந்த விரக்தியும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைக் கேட்க வேண்டும். டர்போ பாட்டியின் குரல் தனாகா மயுமி, ஒன் பீஸின் லூஃபி. பாட்டி கத்தும்போதெல்லாம் லூஃபி எட்டிப் பார்ப்பார்.

மாங்கா முன்கூட்டியே படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 24-வது எபிசோடும் பாதிக் கதையில்தான் அறுகிறது. கைஜு உடைக்குள் ஒரு பெண் இருப்பது தெரியவரும் இடத்தில் நிறுத்திவிட்டு, மூன்றாம் சீசன் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் மாங்காவில் அந்தப் பெண்ணின் பகுதியைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடருங்கள். வேறு யாராவது சொல்லும் அத்தியாய எண்ணை நம்பி நேராகக் குதிக்காமல், ரோபோ சண்டை வரும் அத்தியாயங்களிலிருந்தே ஆரம்பியுங்கள். தட்சுவின் ஓவியத்தில் அந்தச் சண்டையின் பக்க அமைப்பே வேறு மாதிரி, இரண்டாவது தடவை படிப்பதாகத் தோன்றாது.