நாற்காலி இருக்கிறது, இடம் இல்லை

பல்கலைக்கழக நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: மேடம், நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகர். படிக்கும் கூடத்தை மாற்றியமைக்க நிதி வந்திருக்கிறது. மாணவர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பிக் கருத்துக் கேட்டோம். ஒரு பாதி ‘அமைதி வேண்டும்’ என்கிறது, இன்னொரு பாதி ‘சேர்ந்து பேசிப் படிக்க இடம் வேண்டும்’ என்கிறது. ‘உட்கார இடமே இல்லை’ என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. ஆனால் நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. எதை நம்பி மேசை வாங்குவது?

பதில்: மேசை வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள் தம்பி. நான் வாங்கிப் பட்டவள்.

கருத்துப் பெட்டியில் ‘இடம் இல்லை’ என்ற சீட்டு குவிந்த வருடம், ஆறு பேர் உட்காரும் நீள மேசைகளாக வாங்கிப் போட்டேன். கொட்டேஷன், டெண்டர், தணிக்கைக்காரரின் குறுக்குக் கேள்வி எல்லாம் தாண்டித்தான். அடுத்த தேர்வு சமயத்தில் அதே சீட்டு, அதே வாசகம். எரிச்சலோடு ஒரு மத்தியானம் போய் கூடத்து மூலையில் உட்கார்ந்தேன். மேசைக்கு இரண்டே பேர். ஒருவர் இந்த ஓரம், மற்றவர் எதிர்ப்பக்கம் அந்த ஓரம். நடு நாற்காலிகளில் பைகள். ஒரு பெண் உள்ளே வந்தாள். கூடத்தை ஒரு சுற்று சுற்றினாள். இரண்டு மேசை பக்கத்தில் தயங்கி நின்றாள். பையை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை, திரும்பிப் போய்விட்டாள். என் கணக்கில் கூடம் பாதிக்கு மேல் காலி. அவள் கணக்கில் நிரம்பிவிட்டது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்குத் தந்த ஐந்து விதிகளில் ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்பது நான்காவது. அது நூல் அட்டவணைக்கும் அடுக்குக்கும் சொன்னது, உட்கார இடம் தேடுகிறவருக்கு இல்லை என்றே அதுவரை இருந்துவிட்டேன்.

ராபர்ட் சாமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே நூலகங்களில் இதையெல்லாம் கவனித்து எழுதியிருக்கிறார். தனியாக வருகிறவர் மேசை ஓரத்தைத் தேடுவார், பக்கத்து இடத்தில் புத்தகத்தையோ மேலங்கியையோ வைத்து வேலி கட்டுவார் என்று. நான் அதைப் படித்தது மேசை வந்து இறங்கிய பிறகு.

அப்புறம் என்ன செய்தேன் என்றால், பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மேசையின் நடுவே நீளவாக்கில் தடுப்பாக நிறுத்தினேன். மேசைக்கு மேல் ஒரு முழ உயரம் இருக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் எதிரே இருக்கிறவர் முகம் மறைந்ததும் மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் தச்சரைக் கூப்பிட்டேன். ஐந்தாவது, ஆறாவது ஆள் மட்டும் கடைசி வரை வரவில்லை. லேப்டாப், நோட்டு, தண்ணீர் பாட்டில் மூன்றும் பரப்ப ஒருவருக்கு 90 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். என் மேசையில் ஆளுக்கு 60தான் இருந்தது. அதற்குத் தடுப்பு என்ன செய்யும்?

ஆக, அந்தச் சீட்டுகள் பொய் சொல்லவில்லை. வலிக்கும் இடத்தைச் சரியாகத்தான் காட்டின. மருந்து எழுதும் வேலையையும் அவற்றிடமே விட்டதுதான் என் தப்பு.

இப்போது உங்கள் ஃபார்முக்கு வருகிறேன். ‘என்னென்ன வசதி வேண்டும்?’ என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் சோபாவும் காபி இயந்திரமும்தான் வரும். ‘நேற்று எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? ஏன் எழுந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அமைதி கேட்கும் பாதியும் பேச இடம் கேட்கும் பாதியும் வேறு வேறு ஆட்கள் இல்லை என்பது அப்போது தெரியும். காலையில் ப்ராஜெக்டுக்காகக் கும்பலாகப் பேசியவரேதான் சாயங்காலம் பக்கத்து மேசையைப் பார்த்து ‘உஷ்’ என்கிறார்.

லிப்குவால் என்று 2000இல் தொடங்கிப் பல நாட்டு நூலகங்கள் நடத்திய கருத்துக் கணிப்பு ஒன்று உண்டு. அதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போட வேண்டும்: இதற்குக் குறைந்தால் பொறுக்க மாட்டேன் என்பது, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது, இப்போது கிடைப்பது. இந்த மூன்று கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோபா ஆசைக் கட்டத்தில் உயரமாக நிற்கும், ஆனால் அது இல்லாமலும் ஓட்டிவிடுவார்கள். எது பொறுக்கும் அளவுக்கும் கீழே போயிருக்கிறதோ அதற்குத்தான் முதல் பணம்.

ஃபார்மோடு நிற்காதீர்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் 2004 வாக்கில் ஒரு மானிடவியலாளரையே வேலைக்கு வைத்தது. மாணவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, படிக்கப் பிடித்த இடத்தையும் எப்போதும் தூக்கிச் சுமக்கும் பொருட்களையும் படம் எடுத்து வரச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்கப் போன இடங்களை வளாக வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்து நூலகத்தையே வரையச் சொன்னார்கள். உங்களுக்கு மானிடவியலாளர் கிடைக்காவிட்டால் கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக் கேளுங்கள். எந்த நாற்காலி தினமும் எங்கே இழுபட்டுப் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் கூடத்தில் தரைக் கீறல்கள் எல்லாம் ஒரே தூணை நோக்கிப் போயின. அந்தத் தூணில்தான் வேலை செய்கிற ஒரே பிளக் பாயின்ட். (பாயின்ட் கூட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் சுமையைச் சொல்லிவிடுங்கள். 65 வாட் சார்ஜர் நாற்பது சேர்ந்தால் 2,600 வாட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒன்றில் ஒன்றாகக் கோத்து ஒப்பேற்றுகிற விஷயம் இல்லை.)

நூலகத்துக்கு வராதவர்களையும் பிடியுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறவன் உங்கள் ஃபார்மைத் திறந்தே இருக்க மாட்டான்.

கேள்வி: அம்மா, நான் முதுகலை மாணவி. எங்கள் நூலகத்தில் நான் உட்காரும் பகுதி இருட்டு. கருத்துப் பெட்டியில் மூன்று முறை எழுதிப் போட்டேன். ஒரு பலனும் இல்லை. எழுதுவதே வீண்தானா?

பதில்: ‘இருட்டாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால், நான் உங்கள் நூலகர் நாற்காலியில் இருந்திருந்தாலும் கோப்பில் போட்டுவிட்டு மறந்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். எந்த மேசை, எத்தனை மணிக்கு, யார் நிழல் யார் தாளில் விழுகிறது என்று எழுதும்மா. அந்த மேசை முன்பு புத்தக அடுக்கு நின்ற இடமா என்று விசாரித்துப் பார். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் அடுக்குப் பகுதிக்கு 200 லக்ஸ், படிக்கும் மேசைக்கு 500 லக்ஸ். அடுக்கை நகர்த்தி மேசை போடுகிறவர்கள் விளக்கை நகர்த்துவதில்லை. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் துல்லியமாகக் காட்டாது. ஆனால் உன் மேசைக்கும் ஜன்னல் பக்கத்து மேசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடு.

எங்கள் பக்கத்துக் குற்றமும் உண்டு. சரிசெய்ததைக்கூட நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வருடம் பிடிவாதமாக, வந்த சீட்டையே நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கீழே ‘முடிந்தது’, ‘முடியாது, காரணம் இது’ என்று எழுதி வைத்தேன். ‘முடியாது’க்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பெட்டிக்கு வரும் சீட்டுதான் அதிகமாயிற்று.

கேள்வி: குழுவாகப் படிக்கும் அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கலாமா?

பதில்: வையுங்கள், பார்வைக்கு நல்லது. ஆனால் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடாமல் அதற்கு மேலுள்ள நிஜக் கூரை வரை போகிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் பேச்சு மேல்வழியாக வந்துவிடும். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியும் அப்படித்தான். வேலை முடிந்ததும் உள்ளே நாலு பேரை உட்காரவைத்து விவாதம் பண்ணச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு புத்தகத்தோடு வெளியே அடுத்த மேசையில் உட்காருங்கள். பில்லில் கையெழுத்து அதற்கப்புறம்.