போலி பில்லைக் காட்டிக்கொடுத்ததற்கு சஸ்பென்ஷனா?

கேள்வி: நகராட்சியில் கணக்கராக இருக்கிறேன். ஒரே தெருவின் சிமெண்ட் சாலைக்கு இரண்டு பில்கள் வந்தன. இரண்டு எம்-புக்கிலும் (பணியின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நீளம் 180, அகலம் 3, கனம் 0.15 மீட்டர் என்று ஒரே அளவு, அதே 81 கன மீட்டர். பாஸ் செய்ய மறுத்து லஞ்ச ஒழிப்புத் துறைக்கு நகல்களுடன் எழுதினேன். இரண்டே வாரத்தில் சஸ்பென்ட் செய்துவிட்டார்கள். அலுவலக ஆவணத்தை வெளியிட்டதாக சார்ஜ் மெமோவும் (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்திருக்கிறது. எனக்குப் பாதுகாப்பு உண்டா?

பதில்: தகவல் தருவோரைப் பாதுகாக்க 2014-ல் இயற்றிய மத்தியச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மத்திய கண்காணிப்பு ஆணையம் மூலம் இத்தகைய புகார்களை வாங்கும் 2004-ம் ஆண்டு ஏற்பாடு மத்திய அரசு, அதன் நிறுவனங்களின் ஊழியர் முறைகேடுகளுக்கு மட்டும்தான். நேர்மையான கணக்கர்களை அரசு இப்படி நிராயுதபாணியாக நிறுத்தியிருப்பது பெரிய அநீதி.

ஆனாலும் கையில் ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் நம்பிக்கை மோசடி செய்வது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 316(5)-ன்படி குற்றம். அது தெரிந்தவர் நீதித்துறை நடுவருக்கோ காவல் அதிகாரிக்கோ தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 33-வது பிரிவு. சட்டம் சுமத்திய கடமையைச் செய்தேன் என்பதே உங்கள் முதல் வாதம். நகல் நிருபருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போயிருந்தால் இது எடுபடாது; நடத்தை விதி மீறல் தனியாக நிற்கும்.

புகாருக்கு முந்தைய தேதியில் கோப்பில் உங்கள் ஆட்சேபக் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் பழிவாங்கல் என்பதை நிரூபிக்க அதைவிட வலுவான சாட்சியம் இல்லை. வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

மெமோவுக்கு அவசரப்பட்டு முழு விளக்கம் எழுதாதீர்கள். கெடு முடிவதற்குள் குற்றச்சாட்டை மறுத்து, இரண்டு எம்-புக், மதிப்பீடு, பணி ஆணை, குறிப்புக் கோப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். வாய்மொழி விசாரணையும், அளவெடுத்த பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். ஆவணம் தர மறுத்தால் அந்த மறுப்பே உயர் நீதிமன்றத்தில் உதவும்.

இத்தகைய வழக்குகளில் எம்-புக் "காணாமல்" போகும். அசலை வீட்டுக்கு எடுத்துப்போனால் திருட்டுப் பழி உங்கள்மேல்தான் விழும். எம்-புக்கைப் பாதுகாக்கக் கோரி உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு இன்றே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கூடவே தகவல் உரிமை மனுவும் போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பணியை நேரில் பார்வையிடவும் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. சாலையில் ஒரு கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்தால் 15 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

2015-ல் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் மெமோ தராவிட்டால் சஸ்பென்ஷன் நீடிக்கக்கூடாது என்றது. உங்களுக்கு மெமோ வந்துவிட்டதால் அது நேரடியாக உதவாது. சஸ்பென்ஷனை மறுபரிசீலனை செய்யக் கோரி மனு கொடுங்கள், மேல்முறையீடும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. அடுத்த படி அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, தென்மாவட்டம் என்றால் அதன் மதுரைக் கிளையில்.

வேறு வேலையில் இல்லை என்ற சான்றை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். அது தவறினால் சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பிழைப்பூதியமும் நின்றுவிடும்.