அந்தப் புள்ளி நிற்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பெங்களூரில் வேலை. பைக்கில் நீண்ட தூரம் போவதென்றால் அவனுக்கு உயிர். போன வருடம் 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட்டினான். அன்று ராத்திரி முழுக்க, அவன் அனுப்பிய லிங்க்கில் நகர்கிற நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்நூல் பக்கத்தில் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. பதறிப்போய் முப்பது தடவைக்கு மேல் போன் செய்தேன். டீ குடிக்க நிறுத்தியிருந்தானாம். “இனிமே உனக்கு லிங்க்கே அனுப்ப மாட்டேம்மா” என்று கோபித்துக்கொண்டான். அடுத்த மாதம் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 72 மணி நேரத்தில் வந்து ரெக்கார்டு பண்ணப்போகிறானாம். அவன் அப்பா “போகட்டும் விடு” என்கிறார். ஆனால் போன தடவை ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், “எங்கிட்டு வர்றான்?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் மகனைத் தடுப்பதா, இல்லை போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவதா? இன்னொன்று. மதுரையைத் தாண்டித்தான் போவான், வீட்டுக்கு வர நேரமில்லையாம். ரோட்டோரம் நின்றாவது அவனைப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், திருநகர், மதுரை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது. என் அப்பா லாரி ஓட்டினார். சோழவந்தான் தேங்காயை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார், திரும்பும்போது ஆரஞ்சு ஏற்றி வருவார். இன்று 44ஆம் எண் நெடுஞ்சாலை என்கிறோமே, அந்தப் பக்கமெல்லாம் அன்று ஏழாம் நம்பர் ரோடு. போன் கிடையாது. கீழவாசல் லாரி ஆபீசுக்கு டிரங்கால் வந்தால், அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து, “அண்ணன் ஆதிலாபாத் தாண்டிட்டாராம்” என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவான். ஒரு தடவை மூன்று நாள் அந்தப் பையன் வரவே இல்லை. அம்மா சாப்பிடவில்லை. உலையில் அரிசி போடுவதும், வாசலுக்கு வந்து பார்ப்பதும், வெந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதுமாக இருந்தார். நான்காம் நாள் அப்பா வந்து இறங்கியதும் அம்மா அழுதுகொண்டே என்ன ஆச்சு என்று கேட்க, அவர் சொன்னார்: “கண்ணு சொருகுச்சு. ஓரங்கட்டிட்டு ஒரு பகல் பூரா தூங்குனேன். தூங்கலேன்னா வந்திருக்க மாட்டேன்.”

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, அதுதான் உங்கள் மகனைக் காப்பாற்றுவது. நிற்கிற புள்ளி நல்ல புள்ளி. பதினெட்டு மணி நேரமாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற புள்ளியைப் பார்த்துத்தான் நீங்கள் கலங்க வேண்டும். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று நின்றுதான் தல்லாகுளம் வருகிறார். நின்றுவிட்டாரே என்று மதுரையில் யாராவது பதறுகிறோமா?

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புள்ளி நிற்பதும் உண்டு. எங்கே இருக்கிறோம் என்பதைப் போன் செயற்கைக்கோளிடமிருந்து தெரிந்துகொண்டாலும், அதை உங்களுக்குச் சொல்வதற்கு செல்போன் டவர் வேண்டும். டவர் இல்லாத மலையிலும் காட்டிலும் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும், சிக்னல் வந்ததும் ஒரே தாவாகத் தாவும். ஜம்மு காஷ்மீரில் பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், செனானி–நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். உள்ளே போனால் செயற்கைக்கோளும் எட்டாது. ராம்பன் பக்கம் மண் சரிந்து மணிக்கணக்கில் ரோட்டை மூடிவிடுவதும் வாடிக்கை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மகனிடம் இதை இன்றே கேளுங்கள். ப்ரீபெய்டு வைத்துக்கொண்டு போனானென்றால் முதல் நாள் பாதி வரை உங்களுக்குப் புள்ளியே தெரியாது, அந்தப் பாதி நாளில் நீங்கள் துடித்துப்போவீர்கள்.

தடுக்கலாமா என்று கேட்டீர்கள். பயணத்தைத் தடுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் என்பது உலகம் முழுக்க நெடுந்தூர ரைடர்கள் மதிக்கிற அளவுகோல். பெட்ரோல் பில்லில் உள்ள நேரமும் ஊரும், வண்டி மீட்டரும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒப்புக்கொள்வார்கள். அதை முடித்தவன் விளையாட்டுப் பிள்ளை அல்ல. ஆனால் இந்த 72 மணி நேரக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள். தூரம் சுமார் 3,700 கிலோமீட்டர். 72 மணி நேரத்தில் மூன்று இரவுகள். இரவுக்கு ஐந்து மணி நேரம் தூங்கினால் 15 மணி போயிற்று. பெட்ரோல், சாப்பாடு, கால் நீட்டுவது எல்லாம் சேர்த்து ஆறு மணி. மிச்சம் 51. அந்த 51 மணி நேரமும் சராசரியாக மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நான்குவழிச் சாலையிலேயே பைக்குக்குச் சட்டம் 80தான் அனுமதிக்கிறது. நடுவில் காஷ்மீர் மலை இருக்கிறது, டெல்லி நெரிசல் இருக்கிறது. கணக்கு இடிக்கும். இடித்தால் பிள்ளைகள் எதில் கைவைப்பார்கள் தெரியுமா? தூக்கத்தில்தான்.

தொடர்ந்து பதினேழு, பதினெட்டு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு மந்தமாவதுபோல மந்தமாகிவிடும். நம் நாட்டில் வண்டி ஓட்ட 0.03தான் வரம்பு. ஒரு சொட்டுக் குடிக்காத பிள்ளையும் அந்த நிலைக்கு வந்துவிடுவான், வந்தது அவனுக்கே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் சொருகினால், வண்டி 65 மீட்டருக்கு மேல் தானாகப் போயிருக்கும். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரைதான் இதற்கு மிக மோசமான நேரம்.

அதனால் 96 மணி நேரமாக்கச் சொல்லுங்கள். நான்கு இரவும் ஆறு ஆறு மணி நேரம் தூங்கி, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் எட்டு மணி ஒதுக்கினாலும், சராசரி 58க்குள் அடங்கிவிடும். “அப்புறம் அது ரெக்கார்டே இல்லையேம்மா” என்பான். அர்ஜென்டினாக்காரர் எமிலியோ ஸ்காட்டோ 1985இல் கிளம்பி 1995இல் வீடு திரும்பினார். ஒரே பைக், 7,35,000 கிலோமீட்டர். அவசரத்துக்காக அல்ல, தூரத்துக்காகத்தான் கின்னஸில் அவர் பெயர் இருக்கிறது. இதை அவன் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு “எங்கிட்டு வர்றான்?” என்று கேட்டவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை, கேட்கத்தான் கூச்சம்.

போனை அணைக்க வேண்டாம். அணைத்துவிட்டு நீங்கள் தூங்கப்போவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எங்கே நிற்பான், எத்தனை மணிக்கு, எங்கே படுப்பான் என்பதை அவன் கிளம்புவதற்கு முன்பே அதில் அவனையே எழுதச் சொல்லுங்கள். நின்ற இடத்திலெல்லாம் பெட்ரோல் பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் ஊர், நேரம், மீட்டர் மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பில் நனைந்தாலும் தொலைந்தாலும் கணக்கு உங்கள் நோட்டில் இருக்கும். ரெக்கார்டுக்கு இது பெரிய உதவி, வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. புள்ளி ஓடும்போது நீங்கள் போன் செய்யவே கூடாது. ஹெல்மெட்டுக்குள் அம்மா குரல் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் கவனம் சிதறும். எழுதிவைத்த இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், முதலில் அவன் பெங்களூர் நண்பருக்குப் பேசுங்கள். அப்புறமும் தகவல் இல்லையென்றால் 1033, நெடுஞ்சாலை உதவி எண். எந்த ஊர் தாண்டி, எந்த ஊருக்கு முன்னால் என்று சொல்ல நோட்டு கையில் இருக்கும்.

ராத்திரி ஒரு மணி வரை நீங்கள், அதற்கப்புறம் அவர். அவன் படுத்துவிட்டான் என்று தெரிந்ததும் நீங்கள் இருவரும் படுத்துவிடுங்கள்.

ரோட்டோரம் நின்று பார்க்கும் ஆசைக்கு வருகிறேன். தாராளமாகப் பாருங்கள். ஆனால் நான்குவழிச் சாலையில் கையை ஆட்டி நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிற லாரிக்கு அது தெரியாது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். அதற்கு அவன் எங்கேயாவது பெட்ரோல் போட்டாக வேண்டும். கப்பலூர், திருமங்கலம் பக்கம் ஒரு பங்க்கை இப்போதே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்விடலாம். வயிறு முட்டச் சோறு கொண்டுபோகாதீர்கள், தூக்கம் தள்ளும். பொடி தடவிய இட்லி நாலு, பிளாஸ்க்கில் சுக்குக் காபி, காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி போதும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கண்ணைப் பாருங்கள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிறானா, யோசித்து இழுக்கிறானா என்று கவனியுங்கள். இழுத்தால், அவன் அப்பா சாவியை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பங்க் ஓரத்தில் ஒரு பாயை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நீங்களே எழுப்பி அனுப்புங்கள்.

அந்த நோட்டில் கடைசி வரி என்னவென்று எனக்கு எழுதுங்கள்.