கூடாரம் வாங்க இ.எம்.ஐ. போடலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: ஓசூரில் வசிக்கிறேன், பெங்களூருவில் வேலை. மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஜனவரியில் நண்பர்கள் நாலு பேர் கர்நாடகக் கடற்கரை ஊரான கோகர்ணாவில் உள்ள பாரடைஸ் பீச்சில் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்க நினைக்கிறோம். ஆளுக்கு 5,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். இரண்டு கூடாரம், படுக்கைப் பைகள் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகிறது. என் கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. போடலாமா? அல்லது மாதம் 3,000 வீதம் 14 மாதமாகக் கட்டிவரும் ஆர்.டி.யை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயணத்துக்குக் கட்டாயம் போய் வாருங்கள். இப்போது அக்டோபர்தான், மூன்று சம்பளம் மீதி இருக்கிறது. மாதம் 1,900 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் போதும். ஏன் 5,000-க்குப் பதில் மூன்று மாதத்தில் 5,700 சேர்க்கச் சொல்கிறேன் என்பது கீழே கணக்கில் தெரியும்.

முதலில் அந்த இ.எம்.ஐ. ஆறு மாதத் தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் விழும். 15% வட்டி விகிதம் என்றால் அது 90 ரூபாய் சொச்சம். செயலாக்கக் கட்டணம் 199 என்று வைத்தால் வரியோடு 235. ஆக, ‘செலவே இல்லை’ என்ற கடனுக்குச் சுமார் 325 ரூபாய். இது பெரிய தொகை இல்லை. ஆனால் பில்லை ஒரு மாதம் முழுதாகக் கட்டத் தவறினால், அபராதத்தோடு மற்ற செலவுகளுக்கும் கார்டு வட்டி ஏறும். அது மாதம் 3.5% அளவில் இருக்கும். இந்தச் சின்னப் பயணத்தின் கடனை ஜூலை வரை இழுக்க வேண்டியதில்லை.

ஆர்.டி.யில் பெரும்பாலான வங்கிகளில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, முழுக் கணக்கையும் மூட வேண்டும். முன்கூட்டியே மூடினால் வழக்கமாக 1% வட்டியைக் குறைப்பார்கள். உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 260 ரூபாய். நான் பயப்படுவது அந்த 260-க்காக இல்லை. 42,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தால், 5,000 ரூபாய்ப் பயணம் 15,000 ஆக அதிக நாள் பிடிக்காது.

கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள். பெங்களூருவில் இரண்டு பேர் கூடாரத்துக்கு நாள் ஒன்றுக்கு 200 என்று கணக்கு வையுங்கள். வியாழன் மாலை எடுத்துத் திங்களன்று கொடுத்தாலும் ஐந்து நாள் வாடகை கேட்பார்கள். இரண்டு கூடாரத்துக்கு 2,000. வாங்கினால் ஏறக்குறைய 8,000. நாலு முறை போனால்தான் வாங்கியது கட்டுப்படியாகும். படுக்கைப் பை தேவையே இல்லை. ஜனவரியில் அந்தக் கடற்கரையில் இரவுக் குளிர் ஒரு போர்வையோடு அடங்கிவிடும், வீட்டிலிருக்கும் பாயும் பெட்ஷீட்டும் போதும்.

வாடகைக் கடையிலேயே கூடாரத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கம்புகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா, ஜிப் கடைசிவரை ஓடுகிறதா, தரையில் அடிக்கும் முளைகள் எத்தனை என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டில் பிடித்தம் செய்வது பெரும்பாலும் ஜிப்புக்காகத்தான். உப்பும் மணலும் ஜிப்பின் பல் இடுக்கில் ஏறினால் இழுக்கும்போது பிய்ந்துவிடும். அவர்கள் தரும் மெல்லிய கம்பி முளை மணலில் நிற்காது, காற்று வந்தால் கூடாரமே உருளும். பழைய துணிப்பை எட்டு கொண்டுபோங்கள். மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் அசையாது. இதற்குச் செலவு பூஜ்யம்.

அடுத்தது, மூன்று இரவை இரண்டாகக் குறையுங்கள். காரணம் தண்ணீர். குடிக்க, வாய் கொப்பளிக்க என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு 32 லிட்டர், மூன்று நாள் என்றால் 48. பாரடைஸுக்குச் சாலை கிடையாது. பாறை மேட்டில் நடந்தோ படகிலோதான் போக வேண்டும். 48 கிலோவைச் சுமந்து அந்தப் பாதையில் இறங்கினால் கால் பிசகுவது நிச்சயம். அங்கே போய்த் தீர்ந்தால், ஒரு பாட்டிலுக்காகப் படகு பிடிக்க வேண்டிவரும். பெங்களூருவிலிருந்து கார்வார் போகும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் வியாழன் மாலை ஏறினால் வெள்ளி காலை கோகர்ணா ரோடு நிலையம். ஞாயிறு மாலை அதே வண்டியில் திரும்பலாம். விடுப்பும் ஒரு நாளோடு முடிந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஆகவே நவம்பரில் இரண்டு பக்க டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். பொங்கல் வாரத்தையும் ஜனவரி 26-ஐ ஒட்டிய விடுமுறையையும் தவிர்த்தால் எல்லாமே மலிவு.

இனி ஒரு ஆளுக்கான கணக்கு. ரயில் போக வர 900, ஓசூர்–பெங்களூரு 200. நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வழிக்கு 600 வைத்தால், ஆளுக்கு 300. போகும்போது தண்ணீர்க் கேனோடு ஓம் பீச்சிலிருந்து படகு, 300. வரும்போது சுமை இருக்காது, பக்கத்துக் கடற்கரை ஊரான பெலேகானுக்கு நடந்தே வந்துவிடலாம். வாடகை 500, கயிறு, டார்ச் பேட்டரி, குப்பைப் பை 100, தண்ணீர் 25, சாப்பாடு 1,000. இதுவரை 3,325.

படகில் ஏறும் முன்பே, மூட்டையோடு சேர்த்து எவ்வளவு என்று பேசி முடியுங்கள். அந்தப் பக்கத்தில் இறங்கி நின்றுகொண்டு பேரம் பேச முடியாது. படகுக்காரருக்கும் அது தெரியும்.

சாப்பாட்டில் ஒரு முக்கியமான விஷயம். கேஸ் அடுப்பு, சின்ன கேஸ் குப்பி எதையும் ரயிலில் எடுத்துப்போகாதீர்கள். ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். காட்டை ஒட்டிய இடத்தில் விறகு மூட்டுவதும் கூடாது. சமையல் இல்லாமலே சமாளிக்கலாம்: முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு சப்பாத்தி, தக்காளித் தொக்கு, அவல், வெல்லம், வேர்க்கடலை, வாழைப்பழம். எல்லாவற்றையும் மூடி போட்ட வாளியில் வையுங்கள். கோகர்ணா கடற்கரைகளில் மாடுகளும் நாய்களும் சாதாரணமாகத் திரியும். பிளாஸ்டிக் கவரில் வைத்த சப்பாத்தி விடியும்வரை இருக்காது.

இப்போது பலரும் வெட்டிவிடும் இரண்டு வரிகள். ஒன்று, மாற்று அறை: இரண்டு அறை 3,000 ரூபாய், ஆளுக்கு 750. பாரடைஸில் இரவு தங்க அனுமதி உண்டா என்பதை வனத்துறையிடமும் உள்ளூர்ப் போலீசிடமும் போகும் முன்பே கேளுங்கள். இல்லை என்றால் பகலில் பாரடைஸ், இரவில் பெலேகானில் யாராவது வீட்டு முற்றத்தில் கூடாரம் அல்லது அறை. அனுமதி கேட்காமல் போய், இரவு பத்து மணிக்கு எழுப்பிவிட்டால் இருட்டில் பாறை ஏற வேண்டும். இரண்டு, திரும்பும் பணம் 500. ரயிலைத் தவறவிட்டால் பஸ்ஸுக்கு இது. இதைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

மொத்தம் 4,575. உங்கள் 5,000-க்குள் அடங்குகிறது. ஆனால் கூடாரத்துக்கு டெபாசிட் 4,000 கேட்டால் ஆளுக்கு 1,000 முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அது செலவு இல்லை, திரும்பி வரும். அதனால்தான் மாதம் 1,900 என்றேன்.

நாலு பேரில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்பது எந்தக் குழுவிலும் நடப்பதுதான். ஆட்டோ, வாடகை, சில்லறைச் சாமான், அறை ஆகிய பொதுச் செலவு 6,600. நாலு பேருக்கு 1,650, மூன்று பேருக்கு 2,200. மீதிப் பேர் ஆளுக்கு 550 கூடுதலாகப் போட வேண்டும். டிக்கெட் எடுக்கும் நாளன்றே எல்லோரும் 1,650-ஐ ஒருவர் கணக்கில் போட்டுவிடுங்கள். ‘பிறகு விலகினால் இது திரும்பாது’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிவையுங்கள். நட்பைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கரையில் சிக்னலை நம்பி யுபிஐ வைத்துக்கொள்ள முடியாது. ஊருக்குள் ஏ.டி.எம்.மில் 100, 200 தாள்களாக எடுத்து, இரண்டு பேர் பையில் பிரித்து, ஜிப் கவரில் வையுங்கள். நீங்கள் நால்வரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டில் இருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், ஜூன் 1 முதல் மே 31 வரை. குடித்துவிட்டுக் கடலில் இறங்கி ஏதாவது ஆனால் தனியார் விபத்துக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அலுவலக மருத்துவக் காப்பீட்டில் கும்டா, அங்கோலா, மங்களூரு மருத்துவமனைகள் எவை ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் என்ற பட்டியலைப் போனில் இறக்கி வையுங்கள்.

ஞாயிறு மதியம் பெலேகான் வந்ததும் கூடாரத்தின் ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவி, ரயில் நேரம்வரை வெயிலில் காயவிடுங்கள். திங்களன்று டெபாசிட் 1,000 கைக்கு வரும், ஒட்டிய உறை பிரிக்கப்படாமல் இருந்தால் இன்னொரு 500. அந்த 1,500-ஐ அப்படியே பிப்ரவரி ஆர்.டி. தவணையின் பாதியாகக் கட்டிவிடுங்கள்.