நேற்று தெரிந்த கழித்தல் இன்று எங்கே போனது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கு நன்றாகத்தான் போடுகிறாள். ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் எல்லாமே மறந்துபோன மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் கடன் வாங்கிக் கழித்தலை ஒரு பக்கம் முழுக்கச் சரியாகப் போட்டவள், மறுநாள் எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் விரலை எண்ணுகிறாள். திரும்ப விளக்கினால் அழுகை. அன்றைக்கு விட்டுவிடலாமா, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லலாமா? "பேசாமல் ஸ்கூலில் சேர்த்துவிடு" என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: விட்டுவிடுங்கள். ஆனால் நோட்டை மூடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். எத்தனை தப்பு என்று எண்ண வேண்டாம், எந்த மாதிரித் தப்பு என்று கவனியுங்கள்.

மூன்று கணக்கு போதும்: 43 − 18, 60 − 24, 35 − 12. அவள் முறையே 35, 44, 23 என்று எழுதினால், கடைசி விடை மட்டும் சரி. முதல் இரண்டிலும் ஒரே கோளாறு: மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். இது களைப்பால் வந்த தப்பு இல்லை. அவள் மனதில் ஒரு தவறான விதி உட்கார்ந்திருக்கிறது. 1978-லேயே ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளின் கழித்தல் தப்புகளில் பலவும் கவனக்குறைவு அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள்.

அதே கணக்குகளுக்கு 26, 36, 47 என்று எழுதியிருந்தால் கதையே வேறு. முதலாவதில் ஒன்று கூடிப்போயிற்று, இரண்டாவது சரி, மூன்றாவதில் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தப்புகள். கழித்தல் அவளுக்குத் தெரியும், இன்று தலை ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஓடவில்லை? 43-லிருந்து 18-ஐக் கழிக்க எவ்வளவு நினைவு வைக்க வேண்டும் என்று பாருங்கள். மூன்றில் எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கணும், அங்கே நான்கு மூன்றாகிவிட்டது, இங்கே மூன்று பதின்மூன்றாகிவிட்டது. நமக்கு இது பழக்கம். அவளுக்கோ ஒவ்வொரு படியையும் மனதில் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். தூக்கம் குறைந்தாலோ சளி பிடிக்கும் போலிருந்தாலோ அந்தப் பிடி தளரும். புதிதாகக் கற்றதுதான் முதலில் நழுவும். விரல் எண்ணுவதும் பின்னடைவு இல்லை. குழந்தைகள் புது வழி வந்ததும் பழைய வழியைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. சந்தேகம் வந்தால் பழையதற்குத் திரும்புவார்கள். விரலைத் தடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் "திரும்ப விளக்கினால்" என்பதுதான். அப்படிப்பட்ட நாளில் விளக்கவே கூடாது. நாமும் பதற்றத்தில் வேறு ஒரு வழியில் சொல்லிப் பார்ப்போம். நேற்று சரியாக இருந்ததும் அவளுக்குக் குழம்பிவிடும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், கணக்குப் பயமும் கூடியிருந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் நோட்டைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் படிக்கிறாள்.

அழுகை வருவதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்து, "சரி, இன்றைக்குப் போதும்" என்று எழுந்துவிடுங்கள். அப்புறம் தாயமோ பரமபதமோ விளையாடலாம். அதில் கூட்டல் தானாக நடக்கும். அதையும் பாடமாக்கி "எத்தனை கட்டம் நகர்ந்தாய், சொல்லு" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

தப்பு ஒரே மாதிரி என்று தெரிந்தால், இரண்டு நாள் கழித்து, அவள் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் காசை வைத்துக் காட்டுங்கள். நான்கு பத்து ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய் நாணயம். "எனக்குப் பதினெட்டு ரூபாய் கொடு." மூன்று நாணயத்தில் எட்டைக் கொடுக்க முடியாது என்று அவளே சொல்வாள். ஒரு தாளை உங்களிடம் கொடுத்துப் பத்து நாணயமாக மாற்றிக்கொள்ளட்டும். மாற்றியபின் கையில் மூன்று தாள், பதின்மூன்று நாணயம். அதை அவளே எண்ணிப் பார்த்தபிறகு நோட்டில் எழுதுங்கள். தாள் மாறும்போதே 4-ஐ அடித்து 3 என்று எழுதச் சொல்லுங்கள், தனியாக அப்புறம் அல்ல.

தூக்கத்தையும் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. கல்யாண வீட்டுக்குப் போய் நள்ளிரவில் திரும்பிய மறுநாள் கழித்தல் வராதது அதிசயமில்லை. நோட்டின் ஓரத்தில் தேதி, எத்தனை மணிக்குத் தூங்கினாள், உடம்பு எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

கணவருக்கு என்ன சொல்வது? பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த நாட்கள் உண்டு. முப்பது பேர் வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதி ஒரு நாளை ஓட்டிவிட்டால் டீச்சருக்கே தெரியாது. உங்கள் வீட்டில் ஆசிரியர் ஒருவர், மாணவி ஒருத்தி. எந்தத் தடுமாற்றமும் கண்ணில் படும். பள்ளியில் சேர்க்க வேறு காரணம் இருந்தால் பேசுங்கள், இது காரணமில்லை.

மாதத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டாம். ஆனால் எட்டா ஆறா, எது பெரியது என்பதில் நல்ல நாளிலும் திணறினால், மூன்று பொருளைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் ஒவ்வொரு முறையும் எண்ணினால், சொல்லிக்கொடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் இது மாறாவிட்டால், குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். டிஸ்கால்குலியாவா, அதாவது எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடா என்று பரிசோதிப்பார்கள். புத்தகத்திலிருந்து எண்ணைத் தப்பாகப் பார்த்து எழுதுகிறாள் என்றால் முதலில் கண் பரிசோதனை. போகும்போது அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.