சிகாகோவிலிருந்து ரயிலில் வரப்போகும் தம்பிக்கு

தம்பி, சிகாகோவில் படிப்பு முடித்துவிட்டு சான் ஹொசே வேலைக்குக் கலிபோர்னியா செஃபிர் ரயிலில் வரலாமா, டிக்கெட் எவ்வளவு, எத்தனை பெட்டி கொண்டுவரலாம், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டும் பெட்டிக் கணக்கும் அந்த ரயிலை ஓட்டுகிற ஆம்ட்ராக் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

1999 ஜனவரியில் நானும் அதே ரயிலில்தான் வந்தேன். இங்கே பத்து வருஷம் இருந்த ஒருவர், "நம்மூர் மாதிரிதான், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விற்றுக்கொண்டு வருவார்கள்" என்று அடித்துச் சொன்னார். நம்பி, சாப்பாடு கட்டிக்கொள்ளாமல் ஏறிவிட்டேன். யாரும் வரவில்லை. படுக்கை அறை எடுத்தவர்களுக்குத்தான் டிக்கெட்டோடு சாப்பாடு; கோச்சில் உட்கார்ந்து வருகிறவர்கள் கேஃபே பெட்டியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். புளிசாதம், சப்பாத்தி என்று இரண்டு ராத்திரிக்குத் தாங்குகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு போர்வையும் கையில் இருக்கட்டும்.

ரயில் வந்துசேரும் நாளுக்கு மறுநாளே வேலையில் சேருவதாக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 3,900 கிலோமீட்டர் தூரம், அட்டவணைப்படியே 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. பயணிகள் ரயிலுக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று சட்டமே இருந்தும், சரக்கு வண்டிக்காக ஒதுங்கி நிற்பது உண்டு. இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். கடைசி ஸ்டேஷன் எமரிவில். அங்கிருந்து சான் ஹொசேக்கு வேறு ரயில்.

"ரயிலா? நேரம்தான் வீண்" என்று நம் ஆட்களே சொல்வார்கள். இருபது வருஷமாக விமான நிலையத்தையும் மளிகைக் கடையையும் தவிர இந்த நாட்டில் எதையும் பார்க்காதவர்கள் அவர்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று என் பையில் இருந்தது. கேஃபேயில் ரொட்டி வாங்கி, அதில் தடவிச் சாப்பிட்டேன். டென்வரில் ஏறிய ஓர் அம்மா வாசனை பிடித்துக் கேட்டார், கொடுத்தேன். சின்ன வயதில் பழைய செஃபிரில் போனவராம். 1949 மார்ச்சில் மூன்று ரயில் கம்பெனிகள் சேர்ந்து விட்ட வண்டி அது. ராக்கி மலையையும் ஃபெதர் நதிப் பள்ளத்தாக்கையும் பகலில் கடக்கும்படி நேரம் வைத்து, கூரைக்கு மேல் கண்ணாடி மாடம் எழுப்பிய பெட்டிகளைக் கோத்திருந்தார்கள். செஃபிரெட் என்று அழைக்கப்பட்ட பணிப்பெண் இருக்கைக்கே வந்து, இரவுச் சாப்பாட்டுக்குத் தன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதை அந்த அம்மா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். காரும் விமானமும் பயணிகளை இழுத்துக்கொள்ள, 1970 மார்ச்சில் வண்டி நின்றுபோனது. ஆம்ட்ராக் ரயிலுக்கு 1983-ல்தான் அந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. செஃபிர் என்றால் மேல்காற்று. நம் பழம்பாட்டுகளில் அதற்குக் கோடை என்று பெயர்.

டென்வரைத் தாண்டி ராக்கி மலையைக் குடைந்து போகிற மாஃபட் சுரங்கம் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். புகை உள்ளே வராமலிருக்க, பெட்டி விட்டுப் பெட்டி போகாதீர்கள் என்று அறிவிப்பார்கள். அந்த இருட்டு முழுக்க அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார். வெளியே வந்தால் பனிச்சரிவில் சறுக்கி விளையாடுகிறவர்கள்.

மூன்றாம் நாள் ரீனோ தாண்டினால் தூங்கிவிடாதீர்கள். 1860களில் சியரா நெவாடா மலையைக் குடைந்து அங்கே ரயில்பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதையும் அந்த அம்மாதான் சொன்னார். சாக்ரமெண்டோவில் அவர் இறங்கும்போது, பாட்டிலில் மிச்சமிருந்ததை மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தேன்.