மருத்துவம்: வாசகர் கேள்வி

கேள்வி: தெருவில் ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்துச் சாவியைக் கையில் திணித்தார்கள். விட்டு விட்டு மூச்சு இழுத்ததால் ‘உயிர் இருக்கு’ என்று காத்திருந்தோம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இதயம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாத நாங்கள் நெஞ்சை அழுத்தியிருக்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக அழுத்தலாம். இதயம் நின்ற முதல் சில நொடிகளில் உடல் வெட்டி இழுப்பதுண்டு. கரையில் போட்ட மீன்போல் வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை போன்ற சத்தமும் வரலாம். அது மூச்சே அல்ல. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே தொடங்குங்கள். நாடி தேட வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே அவருடையதாகத் தோன்றும். 108-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

கட்டிலில் இருந்தால் தரையில் இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். அழுத்த வேண்டிய இடம் இடப்பக்கம் அல்ல. நெஞ்சின் நட்டநடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. அங்கே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்துங்கள். ஆழம் 5 செ.மீ.; 6-ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். களைத்தவர் பலரும் நெஞ்சின்மேல் சாய்ந்தே இருந்துவிடுவார்கள். ஆகவே 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: விலா எலும்பு முறிந்துவிட்டால்?
- வாசகர், தேனி

பதில்: முறியலாம், சத்தமும் கேட்கலாம். கை நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்தாமல் தொடருங்கள். எலும்பு கூடிவிடும், ரத்தம் போகாத மூளை சில நிமிடங்களில் கெடத் தொடங்கும். அவர் அசைந்தாலோ கையைத் தள்ளினாலோ சீராக மூச்சு விட்டாலோ மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: கிணற்றில் விழுந்த குழந்தைக்கும் இதேதானா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: இல்லை. நீரில் மூழ்கியவர்களுக்குக் காற்றும் கட்டாயம் வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. நேரம் போவதோடு, இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலையைச் சற்றே பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு வாயோடு வாய் வைத்து முதலில் 2 முறை ஊதுங்கள். பிறகு 30 அழுத்தம், 2 ஊதல். சிறு குழந்தைக்கு ஒரு கை போதும். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அமுங்க வேண்டும். ஊதத் தெரியாவிட்டால் அழுத்தவாவது செய்யுங்கள்.